மீன் வாசம் அடித்த கையுறை

அத்தியாயம் 9

கப்பலின் வயிற்றுக்குள் நானூறு மோட்டார் சைக்கிள்கள் கயிறு போட்டுக் கட்டப்பட்டு நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் மேல்தளத்தில் தோல் உடுப்போடு கால் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டார்கள். டௌவே மட்டும் தேநீர்க் கவுண்டர் ஓரமாக நின்று, கொதிக்கும் கெட்டிலின் மூக்கில் ஓர் அட்டைப் பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஊரே ரேஸ் பார்க்கப் போகுது. நான் அட்டைப்பெட்டிக்கு ஆவி பிடிச்சிட்டிருக்கேன், சீஃப்."

"நல்லாப் பிடி. யாருக்கு ஜலதோஷம்னு அப்புறம் சொல்றேன்" என்றாள் மாய்க்கே.

மாய்க்கே டெர்ப்ஸ்ட்ராவுக்கு வயது ஐம்பத்திரண்டு. நெதர்லாந்தின் வடக்கு மூலையான ஃப்ரீஸ்லாந்தில், லேவார்டன் நகரத்தில் பதினேழு வருடங்களாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். எதிரில் இருப்பவர் உண்மையே பேசினாலும், இவர் ஏன் உண்மை பேசுகிறார் என்று யோசிக்கிற ரகம். டௌவே பத்தொன்பது வருடம் தபால்காரனாக இருந்து, ஏழாவது நாய் கடித்த மறுநாள் வேலையை விட்டுவிட்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். நாய்களே பரவாயில்லை, அவை கடிப்பதற்கு முன்னால் குரைக்கும் என்பது அவன் அவளைப் பற்றி எல்லோரிடமும் சொல்லும் புகார்.

இரண்டு நாளாகப் பயணம். டௌவேயின் பழைய வண்டியில் முன்னால் அவன், பின்னால் அவள். இங்கிலாந்தில் இறங்கியதும் மழை. மழையைவிட மோசம், சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். ஊரில் முப்பது வருடம் வலப்பக்கம் ஓட்டிய கை, ஒவ்வொரு ரவுண்டானாவிலும் பழைய பாதையைத் தேடிப் போனது. மாய்க்கே அவன் தோளில் குத்திக் குத்தி, "இடது, இடது" என்று காதுக்குள் கத்திக்கொண்டே வந்தாள். பெட்ரோல் டாங்க் மேல் இடப்பக்கம் காட்டும் அம்புக்குறி ஒன்றை வெள்ளை டேப்பால் ஒட்டி வைத்திருந்தான். கடல் தாண்டி ரேஸ் பார்க்கப் போகும் ஒவ்வொரு ஐரோப்பியனின் டாங்கிலும் அப்படி ஒன்று இருக்கும்.

ஆனால் அவர்கள் ரேஸ் பார்க்க வரவில்லை. ஒரு கையுறைக்காக வந்தார்கள்.

போன வருடம் இதே ரேஸ் வாரத்தில், இங்கிலாந்துக்கு மேற்கே ஊர்ச் சாலைகளை மூடிப் பந்தயம் விடும் இதே மான் தீவில், யெல்லே ஹூக்ஸ்ட்ரா என்கிற ட்ராக்டன் ஊர்க்காரர் இறந்துபோனார். பாலா கிராமத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய சந்து. அதன் வளைவில் வண்டி வலப்பக்கச் சுவரில் மோதியிருந்தது. ரேஸுக்குக் காவல் நின்ற இரண்டு தொண்டர்கள் வயலைத் தாண்டி ஓடிவந்து பார்த்தபோது உயிர் இல்லை. சொந்த ஊர்ப் பழக்கத்தில் தப்பான பக்கம் ஓட்டிவிட்டார் என்று விசாரணை முடிந்தது.

மற்றவர்களுக்கு அது ஒரு விபத்து. யெல்லேயின் குடும்பத்துக்கு அது அவமானமும்கூட. காரணம், யெல்லே மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்தியவர். பக்கம் தெரியாத வாத்தியார் என்று ஊரே சிரித்தது. ஆள் வருவது நின்றது. மகன் ஃபோல்கர்ட் ஆறே மாதத்தில் பள்ளியின் பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டான்.

மூன்று வாரம் முன்பு யெல்லேயின் மனைவி சீட்ஸ்கேக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே ஒற்றைக் கையுறை, இடது கைக்கானது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'இதைத் திருப்பித் தரச் சொன்னார்.'

சீட்ஸ்கே அந்தப் பெட்டியை மாய்க்கேயின் மேஜைமேல் வைத்து, அது தன் கணவருடைய கையுறைதான் என்றாள். பதினோரு தடவை அந்தத் தீவுக்குப் போனவர், ஒரு தடவைகூடப் பக்கம் மாறியதில்லை என்றாள். கூடப் போன சிநேகிதர் ரீன்ட்ஸ் அன்று கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்வதைத் தான் நம்பவில்லை என்றும் சொன்னாள். தான் அந்தத் தீவில் காலே வைத்ததில்லை, இனியும் வைக்கப்போவதில்லை. அனுப்பியது யார் என்று மட்டும் கண்டுபிடித்து, உடனே பெயரைச் சொன்னால் போதும் என்பது அவள் நிபந்தனை.

பெட்டியில் புகைபோட்ட மீன் வாசம் தூக்கியடித்தது. அட்டையில் மீன் படமும், மான் தீவின் பீல் ஊர்ப் புகைமீன் கடை ஒன்றின் பெயரும் அச்சிட்டிருந்தன. பழுப்புத் தாள் ஒட்டி, மேலே பெயரும் ஊரும் மட்டும் எழுதியிருந்தது. தெரு இல்லை, வீட்டு எண் இல்லை. பேப்பரில் விபத்துச் செய்தி படித்தவனுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும் என்று டௌவே முதல் நாளே சொல்லிவிட்டான்.

இப்போது ஆவியில் தாள் ஊறி, ஓரம் சுருண்டது. டௌவே நகத்தால் மெதுவாக உரித்தான். கீழே பழைய விலாசம் ஒன்று கிழிந்துபோய் எழுத்துத் தெரியாமல் இருந்தது. அதன் குறுக்கே ஊதா மையில் தபால் முத்திரை. அதைப் பார்த்ததும் அவன் முகம் பழைய காதலியைப் பார்த்ததுபோல் மலர்ந்தது.

"சீஃப், இந்தப் பெட்டி ஏற்கெனவே ஒரு தடவை தபால்ல ஊர் சுத்தியிருக்கு. ‘வீடு மாறிப் போயிட்டார்’னு குத்தித் திருப்பி அனுப்பியிருக்காங்க. இந்த முத்திரைக்குத்தான் நான் பத்தொன்பது வருஷம் சம்பளம் வாங்கினேன்."

மாய்க்கே கழுத்தில் பூட்ஸ் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தாள்.

"தீவுல இருக்கற யாரோ, அக்கரையில இருக்கற யாருக்கோ மீன் அனுப்பியிருக்காங்க. வாங்க வேண்டியவங்க புது விலாசம்கூடச் சொல்லாம போயிட்டாங்க. மீன் வீணாயிருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட மனசு வரல" என்றாள். "பாசமான மனுஷன்னு தோணுது, இல்ல?"

"தோணுது."

"அதனால சந்தேகப்படு."

மான் தீவின் டக்லஸ் துறைமுகத்தில் கப்பல் வாய் திறந்தபோது காலை எட்டு மணி. ஜெர்மன்காரர்கள், ஐரிஷ்காரர்கள், சுவீடன்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இன்ஜினைக் கிளப்பினார்கள். கூட்டத்தில் நெதர்லாந்தின் மஞ்சள் நம்பர் பிளேட் ஒன்றைப் பார்த்து டௌவே, அது ரீன்ட்ஸாக இருக்குமோ என்று கழுத்தைத் திருகினான். ரீன்ட்ஸ் இந்த வருடம் வரவில்லை, சிநேகிதன் செத்த இடத்துக்கு வர மனசில்லை என்று வீட்டில் இருக்கிறார், நான் நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டேன் என்றாள் மாய்க்கே. அவர் அன்று கூடாரத்தில் தூங்கியதற்குச் சாட்சி, அவர் குறட்டையைப் பற்றிப் பக்கத்துக் கூடாரத்துக்காரர் முகாம்காரரிடம் எழுதிக் கொடுத்த புகார். புகாரில் நேரமும் குறித்திருந்தது.

"அப்போ அவர் மேல சந்தேகம் இல்லையா?"

"அவர் மேல குறைஞ்சிருக்கு."

வேறு யார்மேல் ஏறியிருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. டௌவேயும் கேட்கவில்லை. கேட்டால் "ஓட்டு" என்பாள்.

பீல் என்பது மேற்குக் கரையில் மீன்பிடிக்கிற ஊர். அந்தப் புகைமீன் கடை துறைமுகத்து மூலையில் இருந்தது. உள்ளே ரேடியோவில் ரேஸ் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது: பத்து மணிக்குச் சாலைகள் மூடப்படும், அதன் பிறகு பந்தயப் பாதையில் யாரும் காலடி வைக்கக் கூடாது. கவுண்டருக்குப் பின்னால் அறுபது வயது ப்ரீஷி என்கிற அம்மாள், சிவந்த கைகளோடு மீனைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

டௌவே பேச்சை ஆரம்பிக்கிற நல்லெண்ணத்தில், மீன் வாசத்துக்கு இங்கே எலித் தொல்லை அதிகமாக இருக்குமே என்று விசாரித்தான்.

கடை அமைதியாகிவிட்டது. வரிசையில் நின்ற ஒருவர் அவசரமாக மரக் கதவைத் தொட்டுக்கொண்டார்.

"கண்ணு, அந்தப் பேரை இந்தத் தீவுல யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். நீளவால்னு சொல்லு" என்றாள் ப்ரீஷி.

"மன்னிச்சுக்கங்க. நீளவால் தொல்லை உண்டா?"

"இருந்தது ஒண்ணு. இப்பதான் வாசல் வழியா உள்ள வந்து பேசிட்டிருக்கு."

மாய்க்கே சிரித்து, ஒரு பொட்டலம் மீன் வாங்கிக்கொண்டாள். பிறகு பெட்டியைக் கவுண்டர் மேல் வைத்தாள். உள்ளூர்க்காரர்கள் மீனைக் காகிதத்தில்தானே வாங்குவார்கள், பெட்டி தபாலுக்கு மட்டும்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ப்ரீஷி. திரும்பி வந்த பெட்டி ஏதாவது நினைவிருக்கிறதா?

நினைவிருக்கிறதாவா? அந்த நாற்றத்தைச் சாகும்வரை மறக்க மாட்டேன் என்றாள். இந்த மார்ச் மாதம் வந்தது. ஃபின்லோ கோர்க்கிஷ் தன் மகளின் பிறந்தநாளுக்கு லிவர்பூலுக்கு அனுப்பியது. மகள் வீடு மாறிவிட்டாள், அப்பாவிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் தபாலில் கிடந்து திரும்பியது. ஃபின்லோ வந்தார், பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாலா பாலத்துக்குப் பின்னால் சந்தில் தனியாக இருக்கிறார்.

பாலா. சந்து. யெல்லே விழுந்த இடம்.

நிபந்தனைப்படி வாடிக்கையாளரிடம் பெயரைச் சொல்ல வேண்டும். போய்ப் பேசிவிட்டுச் சொல்லலாமே என்று டௌவே தயங்கினான். மாய்க்கே ஒரு நிமிடம் கடலைப் பார்த்துவிட்டு, சொன்ன வாக்கு சொன்னதுதான், கூப்பிடு என்றாள். அவன் கடையை விட்டு வெளியே வந்து, படகுத்துறையின் கடைசி வரை நடந்துபோய் போன் செய்தான். அங்கே கடற்காக்கைகள் தவிர யாரும் இல்லை.

சீட்ஸ்கே முதல் மணியிலேயே எடுத்தாள். வீட்டில்தான் இருக்கிறாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாளாம். பெயரைச் சொன்னான். ஊரைச் சொன்னான். அவள் இரண்டையும் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். ரேடியோ இரைச்சலில் குரல் சரியாகக் கேட்கவில்லை. நன்றி என்று வைத்துவிட்டாள்.

"ஒரு கேள்விகூடக் கேக்கல, சீஃப். எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேப்பாங்க, பெட்டிக் கதையை அப்படியே எடுத்து விடலாம்னு இருந்தேன்."

"ம்" என்றாள் மாய்க்கே. "ஓட்டு."

கடலோரச் சாலையில் கிர்க் மைக்கேல் ஊர் வரை வந்து, அங்கே பந்தயப் பாதைக்குள் நுழைந்தார்கள். பத்து மணிக்குப் பதினைந்து நிமிடம் பாக்கி. இரண்டு பக்க மதில்களிலும் ஜனங்கள் சாண்ட்விச்சும் ரேடியோவுமாக வரிசை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். விளக்குக் கம்பங்களுக்கு மெத்தை சுற்றியிருந்தது. ஆரஞ்சு மேலாடை போட்ட ரேஸ் தொண்டர்கள் கையை ஆட்டி விரட்டினார்கள். பாலா பாலத்தைத் தாண்டிச் சந்துக்குள் வண்டியைத் திருப்பிய கையோடு, பின்னால் கயிறு கட்டிவிட்டார்கள். இனி ரேஸ் முடியும்வரை யாரும் சாலையைத் தாண்ட முடியாது.

சந்து இரண்டு வண்டி ஒட்டிப் போகும் அகலம்தான். இருபுறமும் கல் சுவர். நடுவில் ஒரு வளைவு. அதன் வலப்பக்கச் சுவரில் கொஞ்ச தூரம் கற்கள் புதிதாக இருந்தன. பாசி படியாத கற்கள். டௌவே வேகத்தைக் குறைத்தான். மாய்க்கே இறங்கி அந்த இடத்தில் நின்றாள். பிறகு மறுபடியும் வளைவின் தொடக்கத்துக்கு நடந்துபோய் வண்டி வரும் பாதையை இரண்டு தடவை நடந்து பார்த்தாள்.

"வேகமா வந்து மோதலைன்னு போலீஸ் ரிப்போர்ட்ல இருக்கு. மெதுவா வந்து, மெதுவாவே தப்புப் பக்கம் போயிருக்கு" என்றாள். "பதினோரு வருஷம் வந்த வாத்தியார்."

ஃபின்லோவின் வீடு வளைவுக்கு ஐம்பதடி தள்ளி. கதவைத் திறந்தவர் ஒல்லியாக, உயரமாக, பஸ் ஓட்டுநரின் நீலக் கோட்டோடு நின்றார். அவர் பார்வை அவர்களைத் தாண்டி மஞ்சள் நம்பர் பிளேட்டுக்குப் போனது. கதவு சாத்திக்கொண்டது.

டௌவே, இந்த ஆள்தான் சீஃப் என்று உதட்டை அசைத்தான். குற்றமில்லாதவன் ஏன் கதவைச் சாத்துகிறான்? மாய்க்கே குனிந்து, கதவில் கடிதம் போடும் துளையின் தகட்டைத் தூக்கினாள்.

"கையுறை போய்ச் சேர்ந்திடுச்சு. அவர் என்ன சொன்னார்னு மட்டும் கேட்டுட்டுப் போயிடறோம்."

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

அவர் அவர்களை வீட்டுக்குள் விடவில்லை. பின்புறம் மதிலோரமாக இருந்த பெஞ்சுக்கு அழைத்துப் போனார். மதிலுக்கு அப்பால் ஒரு துண்டு வயல், அதற்கப்பால் பாலம். உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் முதல் வண்டி வந்தது. தூரத்தில் ஒரு குளவி போல ஆரம்பித்த சத்தம் வளர்ந்து வந்து, இரண்டு சக்கரமும் பாலத்தின் மேல் அந்தரத்தில் எழும்பி, விழுந்து, போயே போய்விட்டது. டௌவே தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டான். இருபத்தைந்து வருடமாகப் பார்க்க ஆசைப்பட்டது அது. பத்து விநாடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பேச்சை நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது.

ஃபின்லோ சொன்னது இதுதான். போன வருடம் ரேஸ் நடந்துகொண்டிருந்தபோது சந்தில் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தபோது, சந்தின் கோடியில் யாரோ ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நடந்து போவது தெரிந்தது. ஒரு பெண். முதுகைத்தான் பார்த்தார். கூப்பிட்டார், ரேஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. வண்டி சுவரோரம் கிடந்தது. அந்த ஆளுக்கு உயிர் இருந்தது. ஃபின்லோ அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆறேழு நிமிடம். பிறகு அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்; ஆரஞ்சு மேலாடைக்காரர்கள் வயலில் ஓடிவருவதும் தெரிந்தது. ஃபின்லோ எழுந்து வீட்டுக்குள் வந்துவிட்டார்.

போலீஸிடம் ஏன் சொல்லவில்லை என்று டௌவே கொஞ்சம் கடுமையாகவே கேட்டான்.

"கூட யாராவது வந்தாங்களான்னு அவர்கிட்ட கேட்டேன். இல்லைன்னு தலையாட்டினார். பக்கத்துல கையுறை ஒண்ணு கிடந்தது. அதை அவரே எடுத்து என் கோட்டுப் பையில திணிச்சு, ‘ஒய்ஃப்’னு மட்டும் சொன்னார். மனைவிகிட்டக் கொடுக்கச் சொல்றார்னு புரிஞ்சது. அது வேற யாரும் பார்க்கக் கூடாததுன்னும் புரிஞ்சது."

"அவரோட கையுறையை நீங்க ஏன் ஒளிக்கணும்?"

ஃபின்லோ அவனை விநோதமாகப் பார்த்தார்.

"அவரோடது எப்படி ஆகும்? அவர் ரெண்டு கையிலயும் கையுறை போட்டிருந்தார்."

ஒரு வண்டி போனது. இன்னொன்று போனது. டௌவேயின் வாய் திறந்தபடியே இருந்தது. மூன்று கையுறைகள். அது தன் கணவருடையதுதான் என்று சீட்ஸ்கே மேஜையில் வைத்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது அவன் காதில் ஒலித்தது. மாய்க்கேயின் முகத்தில் மட்டும் ஆச்சரியமில்லை.

ஒரு வருடம் கழித்து இப்போது ஏன் அனுப்பினீர்கள் என்று அவள் கேட்டாள். அடுத்த மாதம் அக்கரை ஆஸ்பத்திரியில் அவர் இதயத்தில் கத்தி வைக்கப் போகிறார்களாம். திரும்பி வராவிட்டால் ஒரு செத்தவனின் வேலை அரைகுறையாக நிற்குமே என்று அனுப்பினாராம்.

"வேற ஏதாவது சொன்னாரா?"

"சொன்னார். அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. லாஃப்ட், லாஃப்ட்னு திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டு லாஃப்ட்ல, பரண்ல, எதையோ வெச்சிருக்கார்போலன்னு நினைச்சேன். அதையும் சீட்டுல எழுதலாமான்னு யோசிச்சேன். போலீஸ்காரங்க பிரிச்சுப் படிச்சிட்டாங்கன்னா?"

"லாஃப்ட்டா, லாஃப்ட்ஸா?" மாய்க்கேயின் குரல் தாழ்ந்திருந்தது.

அவர் யோசித்தார். "ஸ் வந்தது கடைசியில. லாஃப்ட்ஸ்."

டௌவே அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். ஃப்ரீஸ்லாந்தில் பிறந்த இருவருக்கும் அகராதி வேண்டியிருக்கவில்லை. யெல்லேயும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். இரண்டு நாளாக மாய்க்கே அவன் காதுக்குள் கத்திக்கொண்டு வந்த சொல் அது. ஃப்ரீஸிய மொழியில் லாஃப்ட்ஸ் என்றால் இடது.

"தன் வண்டியைத் தானே ஓட்டறவன், இடது இடதுன்னு தனக்குத்தானே சொல்லிக்க மாட்டான்" என்றாள் மாய்க்கே. "பின்னால உக்காந்திருக்கறவன் சொல்வான்."

"ஓட்டினது அந்தப் பொண்ணு."

"முதல் தடவை வந்த பொண்ணு. பதினோரு தடவை வந்தவருக்கு அந்தத் தப்பு வராதுன்னு நமக்குச் சொன்னதே சீட்ஸ்கேதான், டௌவே. அன்னைலேர்ந்து எனக்கு உறுத்தல். அந்த அளவுக்கு நிச்சயமா ஒருத்தருக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் டௌவேக்கு ஒன்று உறைத்தது. படகுத்துறையில் போன் பேசியபோது ரேடியோ இரைச்சல். ரேஸ் அறிவிப்பு, அதே குரல். கடையின் ரேடியோ என்று நினைத்துக்கொண்டான். ஆனால் கடையிலிருந்து அவன் இருநூறு அடி தள்ளி வந்திருந்தான். அங்கே கடற்காக்கைகள் மட்டும்தான் இருந்தன. ரேடியோ ஓடியது போனின் மறுமுனையில்.

"சீஃப், அவங்க ட்ராக்டன்ல இல்ல. இங்கதான், தீவுலயே இருக்காங்க. நான் இவர் பேரை, ஊரை எல்லாம் சொல்லிட்டேன்."

"தெரியும். நேத்தே வந்து காத்திருந்திருப்பாங்க. வர வைக்கத்தான் சொல்லச் சொன்னேன்" என்றாள் மாய்க்கே. அவள் பார்வை வேறெங்கோ இருந்தது. "வந்தாச்சு."

சந்துப் பக்கக் கேட்டில் சீட்ஸ்கே நின்றாள். சாம்பல் நிறக் கோட்டு. வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. வடக்கே ஜர்பி கிராமம் வழியாகப் பந்தயப் பாதையைத் தொடாமல் வந்திருக்க வேண்டும். ஷூவெல்லாம் வயல் சேறு. அவள் கண் மாய்க்கேயையும் பார்க்கவில்லை, டௌவேயையும் பார்க்கவில்லை. கிழவரின் நீலக் கோட்டை மட்டும் பார்த்தது.

அவளுடைய ரகசியத்துக்கு உலகத்தில் ஒரே சாட்சி அந்தக் கிழவர். டௌவே எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றான். ஏழு நாய்களிடம் கற்ற ஒரே பாடம், கையை முன்னால் நீட்டாமல் இருப்பது.

"கையை வெளிய எடுங்க, மேடம். மெதுவா."

அவள் எடுத்தாள். கையில் இருந்தது ஒரு கையுறை, வலது கைக்கானது. அதை மதில்மேல் வைத்துவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

வண்டிகள் ஒரு சுற்று போய் முடிந்திருந்தன. அடுத்த சுற்றுக்கு வர இன்னும் நேரமிருந்தது. அந்த அமைதியில் அவள் தானாகவே சொன்னாள். திருமணமாகி முப்பது வருடத்தில் முதல் முறையாக அவருக்கு ஆச்சரியம் கொடுக்க யாருக்கும் சொல்லாமல் விமானத்தில் வந்தாளாம். மறுநாள் காலை அவர் ஆளில்லாத சந்து ஒன்றைக் காட்டி, ஓட்டிப் பார் என்றாராம். உரிமம் கிடையாது. பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. விழுந்து எழுந்தபோது அவர் அசையவில்லை. கூப்பிட்டாள், உலுக்கினாள். போய்விட்டார் என்று நினைத்தாள். உதவிக்கு ஆள் தேடித்தான் நடக்க ஆரம்பித்தாள். கால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. சாயங்கால விமானத்தில் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் போலீஸ் வாசலில் வந்து நின்றபோது, இப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல அழுதாள்.

"அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைக் காப்பாத்தறதுலயே போச்சு. ஃபோல்கர்ட் போர்டைக் கழட்டும்போது நான்தான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள். "அந்தச் சீட்டு வந்தப்பதான் தெரிஞ்சது. அவர் பேசியிருக்கார். நான் நடந்து போனப்ப அவர் உயிரோட இருந்திருக்கார்."

அவள் ஃபின்லோவிடம் திரும்பி, தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் கேட்டாள். என்ன சொன்னார்?

ஃபின்லோ மாய்க்கேயைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். ஒரு வருடமாக அர்த்தம் தெரியாமல் வைத்திருந்ததை அவர் அப்படியே திருப்பிக் கொடுத்தார். "லாஃப்ட்ஸ், லாஃப்ட்ஸ்."

சீட்ஸ்கே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுக்காமலே கேட்டாள். "கோவமாச் சொன்னாரா?"

கிழவர் அவசரப்படவில்லை. நினைவில் தேடிப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"இல்லம்மா. புதுசா பஸ் ஓட்டக் கத்துக்கறவன் பக்கத்துல நின்னு நாங்க சொல்லுவோம் பாருங்க, பொறுமையா. அந்த மாதிரி."

டௌவே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கேலி செய்ய அவனுக்கு ஒன்றும் கிடைக்காத நேரங்கள் குறைவு.

மாய்க்கே வாடிக்கையாளரின் அருகில் போய் உட்கார்ந்தாள். அனுப்பியவரைக் கண்டுபிடிக்கச் சொன்னீர்கள், கண்டுபிடித்தாயிற்று, என் வேலை முடிந்தது என்றாள். ராம்ஸி காவல் நிலையம் ஏழு மைல், சாலை திறக்க எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை அந்தச் சாலையில் யாரும் ஓடவும் முடியாது, ஓட்டவும் முடியாது என்றாள். சீட்ஸ்கே தன் சேற்று ஷூவைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள்.

அவன் எடுத்தான். அவள் சொல்ல ஆரம்பித்த அதே நேரத்தில் மேற்கே குளவிச் சத்தம் கிளம்பி, இரண்டாவது சுற்றின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தின் மேல் பறந்தன. அவள் உதடு அசைந்தது தெரிந்தது. சொல் அவளுக்கே கேட்டிருக்காது. சத்தம் ஓய்ந்ததும் போனிலிருந்து ஃபோல்கர்ட்டின் குரல் மெலிதாக வந்தது. என்னம்மா, ஒண்ணும் கேக்கல, எங்க இருக்க?

ஒன்றுமில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது என்பதை டௌவே கவனித்தான். அவளும் கவனித்தாள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே ஒரு கணம் நின்றது.

அவள் எழுந்தாள். மதிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடுத்த வண்டி வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோலப் பெருங்குரலில் சொன்னாள்.

"வண்டியை உங்கப்பா ஓட்டலடா. நான் ஓட்டினேன்."

பக்கத்து மதிலில் ரேஸ் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பாஷை புரியாமலே திரும்பிப் பார்த்தார்கள். எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. சீட்ஸ்கே போனை இன்னும் இறுக்கமாகக் காதில் வைத்துக்கொண்டு, விமானம் ஏறிய நாளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.